டைடோவின் கூற்று: இலத்தீன் காப்பியத் தலைவியரும் அவர்களைக் கற்றோரும்

கார்த்தேஜ் நகரை நிறுவிய அரசியாகிய டைடோவைச் சந்தியாமல் இலத்தீன் கல்வியை முடித்தவர் கடந்த ஈராயிரம் ஆண்டுக் காலத்தில் மிகச் சிலரே ஆவர். வேர்ஜில் இயற்றிய ஈனியட் காப்பியத்தின் நான்காம் நூல் 705 அடிகளைக் கொண்டது. உரோமாபுரியின் இலக்கணப் பள்ளிகளிலும், ஐரோப்பியத் துறவி மடங்களிலும், பிற்காலப் பல்கலைக்கழகத் தேர்வு மண்டபங்களிலும் அவ்வடிகள் இடையறாது ஓதப்பட்டும் உரை கூறப்பட்டும் வந்தன. பாடம் மாறவில்லை, படித்தோர் மாறினர். படித்தோர் மாறுந்தோறும் பாடத்திற் கண்ட பொருளும் மாறிற்று.

இலத்தீன் இலக்கியத்திலே புராணத் தலைவியர் வாய் திறந்து நெடிது பேசுவர். டைடோ பேசுகின்றாள், கடற்கரையிற் கைவிடப்பட்ட அரியட்னி பேசுகின்றாள், மீடியா, பெனலோப்பி, பீட்ரா முதலியோரும் தத்தம் குறைகளைத் தாமே எடுத்துரைக்கின்றனர். தமிழிலே தலைவி கூற்று எனப்படும் முறைமையை அறிந்தோர்க்கு இஃது எளிதில் விளங்கும். ஆயின், இக்கூற்றுக்களைப் புனைந்தோர் ஆடவர்; அவற்றை மனனஞ்செய்து மன்றத்தில் நடித்துக் காட்டப் பயின்றோர் பெரும்பாலும் சிறுவர். பெண்களின் துயரம் ஆண்களின் பாடமாயிற்று. அப்பாடம் நடைபெற்ற உயர்கல்விக் கூடங்களிற் பெண்களுக்கு இருக்கை கிடைத்ததோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான். இத்தலைவியரைப் பற்றிய கல்வியின் வரலாற்றுக்குச் சுவை தருவது இம்முரண்பாடே எனலாம்.

டைடோவின் கதை வேர்ஜிலுக்கு முற்பட்டது. சிசிலித் தீவினரான கிரேக்க வரலாற்றாசிரியர் திமேயஸ் அதனைக் குறித்திருந்தார். பொம்பேயஸ் திரோகஸ் எழுதிய வரலாற்றை ஜஸ்டின் என்பார் சுருக்கித் தந்த நூலில் அது விரிவாகக் காணப்படுகின்றது. தைர் நகரத்து அரசிளங்குமரி எலிசா. அவள் கணவனைப் பொன்னாசையாற் கொன்றவன் அவளுடைய உடன்பிறந்தானாகிய பிக்மேலியன். அவள் தன்னைச் சார்ந்தோருடனும் பொருளுடனும் கப்பலேறி ஆபிரிக்கக் கரையை அடைந்தாள். ஓர் எருதின் தோல் கொள்ளுமளவு நிலத்தை விலைக்குப் பெற்று, அத்தோலை மெல்லிய வாராகக் கிழித்துப் பெருநிலம் வளைத்து நகர் சமைத்தாள். கடற்கரை நேர்கோடாயின் வாரை அரைவட்டமாக வளைத்தாலன்றோ மிகப் பெரிய நிலம் அகப்படும்? அதனாற் கணித நூலாரும் அத்தகைய வினாவிற்கு டைடோவின் கணக்கு என்றே பெயரிட்டனர். இலத்தீன் கல்லாத மாணவரும் அவள் பெயரை அறிய நேர்ந்தமை இவ்வாறே.

அயல் நாட்டரசனாகிய இயார்பஸ் தன்னை மணக்குமாறும், மறுத்தாற் போர் தொடுப்பதாகவும் ஓலை விடுத்தான். இறந்த கணவனுக்கு அளித்த உறுதியைக் காக்கவும் குடிகளை அழிவினின்று மீட்கவும் எலிசா ஈமத்தீ மூட்டி வாளால் உயிர் துறந்தாள். பழைய கதை இவ்வளவே. இதில் ஈனியாஸ் என்பானுக்கு இடமில்லை. இருக்கவும் முடியாது. கார்த்தேஜ் தோன்றிய ஆண்டாக மரபிற் கூறப்படுவது கி.மு. 814; துரோய் நகரின் வீழ்ச்சிக்குக் கிரேக்கர் குறித்த ஆண்டு கி.மு. 1184. துரோயிலிருந்து தப்பி வந்தவன் டைடோவைக் காண வேண்டுமாயின் முந்நூற்றெழுபது ஆண்டு காத்திருந்திருத்தல் வேண்டும்.

அங்ஙனமாகவும், கைம்மை காத்து இறந்த அவ்வரசியை வந்தேறியொருவன்மேற் காதல் கொண்டு கைவிடப்பட்டு மாய்ந்தவளாக வேர்ஜில் பாடினார். இம்மாற்றத்தைத் தொடங்கியவர் அவர்தாமோ முன்னோர் எவரேனுமோ என்பது ஆராய்ச்சியாளர் வழக்காடும் பொருள். உலகறியச் செய்தவர் அவரே என்பதில் ஐயமில்லை. காரணம் தேடுதற்கு நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. உரோமரும் கார்த்தேஜினரும் கி.மு. 264 முதல் 146 வரை மும்முறை பெரும்போர் செய்தனர். மூன்றாம் போரின் முடிவிற் கார்த்தேஜ் தரைமட்டமாயிற்று. அப்பகைமையின் வித்தைக் காப்பியக் காலத்திலேயே ஊன்ற விரும்பினார் புலவர். இறக்கும் டைடோ தன் எலும்புகளிலிருந்து பழிவாங்குவோன் ஒருவன் எழுவானாக என்று சபிக்கின்றாள். பெயர் கூறப்படாத அவன் ஹனிபால் என்பதை உரோமச் சிறுவரும் அறிவர். மேலும், வேர்ஜில் இக்காப்பியத்தைத் தொடங்கிய காலம் எகிப்திய அரசி கிளியோபாற்றா கி.மு. 30இல் மாண்டதை அடுத்த காலமாகும். ஆபிரிக்கக் கரையில் ஆட்சி புரியும் பேரழகியொருத்தியின்பால் உரோமத் தலைவன் ஒருவன் தன்னை இழக்கும் கதை அன்றைய செவிகளில் வெறும் பழங்கதையாய் ஒலித்திராது.

இவ்வளவும் அரசியல். ஆனால் நான்காம் நூலைப் படிப்போர் அரசியலை மறந்து விடுகின்றனர். அங்கேதான் புலவரின் ஆற்றலும் அவரைப் பற்றிய வழக்கும் உள்ளன. வேட்டை நாளிற் புயல் எழ, இருவரும் ஒரு குகையிற் புகுகின்றனர். அதனை டைடோ திருமணம் என்று அழைத்தாள் என்றும், அப்பெயரைக் கொண்டு தன் ‘குல்பா’வை மறைத்தாள் என்றும் புலவர் கூறுகின்றார். இந்த ஒரு சொல்லை எப்படி மொழிபெயர்ப்பது? குற்றம் என்பதா, தவறு என்பதா, பிழை என்பதா? பல்கலைக்கழக மாணவன் எழுதும் விடையில் இச்சொல்லுக்கு அவன் தரும் பொருளே அவன் டைடோவைப் பற்றி அளிக்கும் தீர்ப்பாகி விடுகின்றது. அச்சொல்லை முதலில் எடுத்தவள் டைடோவே என்பதையும் அவன் கவனித்தல் வேண்டும். நூலின் தொடக்கத்தில் தங்கை அன்னாவிடம் தன் மனநிலையை வெளியிடும் பொழுது அதனையே ஆளுகின்றாள். அங்ஙனமாயின், பிற்பகுதியில் வருவது புலவரின் தீர்ப்போ, அவள் நெஞ்சம் அவளுக்கே கூறிய தீர்ப்போ? இலக்கணம் இவ்வினாவிற்கு விடை தருவதில்லை.

இதனை ஒத்த மற்றொரு சொல் ‘பியுஸ்’ என்பது. தெய்வத்துக்கும் தந்தைக்கும் நாட்டுக்கும் ஆற்றவேண்டிய கடனில் வழுவாதவன் என்பது அதன் பொருள். ஈனியாஸுக்குக் காப்பியம் முழுதும் உரிய அடைமொழி அது. நான்காம் நூலிலே, டைடோ மயங்கிச் சாய்ந்து தோழியராற் கொண்டுசெல்லப்பட்ட உடனே, கப்பல்களை நோக்கி நடக்கும் அவனை வேர்ஜில் அவ்வடைமொழியால் அழைக்கின்றார். உரையாசிரியர் சிலர் இதனைப் போற்றினர். சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தனர். இகழ்ச்சிக் குறிப்பு என்று கொள்வோர் சொல்லின் இயல்பை அறியாதவர் என்றே கூறல் வேண்டும். கடமை வென்றது என்பதே புலவர் கூறுவது. அவ்வெற்றியின் விலை யாதென்பதை முந்திய முந்நூறு அடிகளிற் காட்டிவிட்டார்.

வேர்ஜிலைப் பள்ளிப் பாடமாக்கியவர் கெசிலியஸ் எபிறோட்டா என்னும் ஆசிரியர். கி.மு. 26ஐ அடுத்துப் பள்ளி தொடங்கிய அவரே வேர்ஜில் முதலிய புதுப் புலவரை முதலிற் கற்பித்தார் என்று சுவேத்தோனியஸ் எழுதுகின்றார். புலவர் உயிரோடிருக்கும் பொழுதே அவர் செய்யுள் வகுப்பறையை அடைந்து விட்டது. நூறாண்டு கழிய, சொல்வன்மைக் கல்வியைப் பன்னிரண்டு நூல்களில் வகுத்த குயின்டிலியன், மாணவர் வாசிப்பு ஹோமரிலும் வேர்ஜிலிலும் தொடங்குக என விதித்தார். உரோமக் கல்வியிலே பயிற்சியொன்று சிறப்பிடம் பெற்றிருந்தது. புராண மாந்தர் ஒருவர் ஒரு நெருக்கடியில் என்ன பேசியிருப்பார் எனக் கருதி அவர் வாக்காகவே மாணவன் பேச்சொன்று இயற்றுதல் அப்பயிற்சியாகும். வழக்கு மன்றத்திற் கட்சிக்காரரின் நிலையைத் தன்னிலையாக்கிப் பேசவேண்டிய எதிர்கால வழக்கறிஞனுக்கு இது இன்றியமையாதது எனக் கருதினர். இவ்வாறு பதினைந்து வயதுச் சிறுவன் அரியட்னியாகவும் மீடியாவாகவும் அழுது பழகினான்.

இதற்குச் சான்று பகர்வோருள் தலைசிறந்தவர் அகஸ்தீன். கி.பி. 354இல் வட ஆபிரிக்காவின் தகஸ்தே நகரிற் பிறந்து, மடவுரா நகரிலும் பின்னர்க் கார்த்தேஜிலும் பயின்ற அவர், தம் வாழ்க்கை வரலாற்று நூலின் முதற் பகுதியிலே பள்ளி நாட்களை நினைவு கூருகின்றார். காதலால் இறந்த டைடோவுக்காகத் தாம் கண்ணீர் வடித்ததையும், அவ்வேளை இறைவனை விட்டகன்று மாண்டு கொண்டிருந்த தம் உயிருக்காகக் கண்ணீர் வடியாததையும் எண்ணி வருந்துகின்றார். துரோயரின் தலைவனை இத்தாலியினின்று விலக்க இயலாது சினந்த யூனோ தேவியின் பேச்சைத் தாம் உரைநடையில் இயற்றிக் கூறியபொழுது ஏனைய மாணவரிலும் மிகுந்த கைதட்டல் பெற்றதையும் அவர் மறைக்கவில்லை. ஈனியாஸ் உண்மையில் கார்த்தேஜுக்கு வந்தானா எனக் கேட்டால், கல்வி குறைந்தோர் அறியோம் என்பர், கற்றோர் இல்லை என்பர் என்றும் எழுதுகின்றார். டைடோ ஆண்ட மண்ணிற் பிறந்த சிறுவன், அவளைப் பற்றி அவளுடைய பகைவர் பாடிய பாட்டைப் படித்து, அது பொய்யென்று அறிந்தும், அழுதான். மேலான சமயச் சிந்தனையாளர் ஆன பின்னரும் அந்த அழுகையை மறந்தாரில்லை.

பொய்யென்று அறிந்தும் என்பது வெறுஞ்சொல்லன்று. ஐந்தாம் நூற்றாண்டினரான மக்ரோபியஸ், இக்காதற்கதை பொய் என்பதை உலகம் முழுதும் அறியும், ஆயினும் ஓவியரும் சிற்பியரும் திரையில் உருத் தைப்போரும் இதனையே விரும்புகின்றனர் என்று வியந்தார். கிறித்தவ ஆசிரியருள் தெர்த்துல்லியன் பழைய கதையைப் பற்றி நின்று, மறுமணத்திலும் தீயே மேலெனத் துணிந்தவளென டைடோவைப் பாராட்டினார். ஆக, ஒரே பெயரில் இருவர் வாழ்ந்தனர்: வரலாற்றின் கற்பரசி ஒருத்தி, காப்பியத்தின் காதலி ஒருத்தி. நான்காம் நூலுக்கு உரை வகுத்த சேர்வியஸ் இவை யாவும் அறிந்தவர். இந்நூற் பொருள் அப்பொலோனியஸ் பாடிய மீடியாவின் காதலைத் தழுவியது என்றும், காதலைப் பற்றியதாதலின் நடை ஏறக்குறைய இன்பியல் நாடகத்தை ஒத்தது என்றும் குறிப்பெழுதினார். அகஸ்தீனை அழவைத்த பகுதியை அவருடைய காலத்தவர் ஒருவர் இன்பியல் நடை என்கிறார்! உரையாசிரியர்க்கு உள்ளம் இல்லை என்பதன்று. அவர் நோக்கியது சொல்நடையை.

வேர்ஜிலுக்கு இருபத்தேழு ஆண்டு பின்னே, கி.மு. 43இற் பிறந்தவர் ஓவிட். தந்தையார் அவரை வழக்கறிஞராக்க விரும்பிச் சொல்வன்மைப் பள்ளிக்கு அனுப்பினார். அங்கு அவர் சட்ட வழக்குரைகளை வெறுத்து, புராண மாந்தரை நோக்கிய அறிவுரைப் பேச்சுக்களையே விரும்பினார் என மூத்த செனிக்கா கூறுகின்றார். அப்பயிற்சியின் கனியே ஹீரோயிடெஸ், அஃதாவது தலைவியரின் திருமுகங்கள். முதற் பதினைந்து திருமுகங்களும் பிரிந்த அல்லது கைவிட்ட காதலர்க்குத் தலைவியர் விடுப்பவை. எஞ்சிய ஆறும் ஆணும் பெண்ணுமாக மாறி மாறி எழுதுபவை. பிறர் அறியாத புதுவகை இலக்கியம் இதுவெனத் தம் பிறிதொரு நூலில் ஓவிட் பெருமிதங் கொள்கின்றார்.

இவற்றுள் ஏழாவது, டைடோ ஈனியாஸுக்கு எழுதுவது. வேர்ஜிலை மனனஞ்செய்த மாணவன் இதனைப் படிக்கும்பொழுதுதான் ஓவிட்டின் துணிவு புலனாகும். வேர்ஜிலின் டைடோ, தன் முற்றத்தில் விளையாட ஒரு சிறு ஈனியாஸ் இல்லையே என ஏங்குகின்றாள். ஓவிட்டின் டைடோவோ தான் கருவுற்றிருத்தலும் கூடும் என்றும், தாயோடு பிறவாத மகவும் மாயும் என்றும் எச்சரிக்கின்றாள். வேர்ஜிலின் ஈனியாஸ், எரியும் துரோயிலே மனைவி கிரெயூசாவை இழந்ததைத் தீவினைப் பயனாகக் கூறினான். அவளையும் கைவிட்டவன்தானே நீ என ஓவிட்டின் டைடோ மடக்குகின்றாள். தந்தையைத் தோளிற் சுமந்தேன் என்ற அவன் பெருமையையும் அவள் நம்புவதில்லை. தெய்வம் ஏவியது என்றானே, அத்தெய்வம் இந்நாட்டுக்கு வராமலே தடுத்திருக்கலாகாதா என்று கேட்கின்றாள். நீதிமன்றத்தில் வல்ல எதிர்வழக்குரைஞர் ஒருவர் செய்யும் குறுக்கு விசாரணை இது. காப்பியம் முழுதும் ஈனியாஸின் வாக்குமூலத்தின்மேல் நிற்பது. அதனை ஐயுறும் உரிமையை ஓவிட் ஒரு பெண்ணின் கையிற் கொடுத்தார். ஈனியட் காப்பியத்தில் வேறெப்பகுதியினும் மிகுதியாகப் படிக்கப்படுவது டைடோவின் முறையிலாக் காதலே எனப் பின்னர் நாடுகடத்தப்பட்ட நிலையில் அகஸ்டஸ் பேரரசனுக்கு எழுதிய நெடும்பாட்டில் அவர் சுட்டிக் காட்டினார். தம் காதற்பாட்டுக்களைக் குற்றமென்ற பேரரசனுக்கு, அவன் போற்றிய காப்பியத்தையே மேற்கோளாக்கினார். அரசன் இரங்கவில்லை, ஓவிட் கருங்கடற் கரையிலுள்ள தோமிஸிலேயே இறந்தார்.

திருமுகங்கள் எல்லாம் ஓவிட்டினுடையவைதாமோ என்ற வினா பிற்காலப் பல்கலைக்கழகங்களைப் பெரிதும் அலைத்தது. தாம் எழுதியவையென அவரே பெயர் சுட்டுபவை சிலவே. ஜேர்மானிய அறிஞர் லக்மன் 1848இல் ஏனையவற்றை ஐயுற்றார். சாப்போ எழுதியதாக உள்ள பதினைந்தாம் திருமுகம் ஏனையவற்றோடு சேராது தனியே வழங்கி வந்தது. டானியேல் ஹைன்சியஸ் 1629இல் அதனை இன்றுள்ள இடத்திற் சேர்த்தார். அது ஓவிட்டின் வாக்கன்று என 1981இல் ரிச்சர்ட் தரண்ட் சொல்லாட்சியும் யாப்பும் காட்டி வாதிட்டார். ஐயந்தீர்ந்தபாடில்லை. இருபத்தொரு திருமுகங்களில் உண்மையில் வாழ்ந்த பெண் ஒருத்தி, அதிலும் தானே பெரும்புலவராய் விளங்கியவள், சாப்போ மட்டுமே. அவள் பேசுவதாக ஆடவர் எழுதிய திருமுகத்திற்கே எழுதியவர் யாரெனத் தெரியாதொழிந்தமை விந்தை.

இடைக்காலத் துறவி மடங்களும் பேராலயப் பள்ளிகளும் இந்நூலைக் கைவிடவில்லை. காதற்றிருமுகங்களைத் துறவியர் படிப்பதற்கு ஒரு சமாதானம் வேண்டியிருந்தது. அதனால், நூன்முகவுரைகளில் ஓவிட் ஒழுக்க நூலாசிரியராக்கப்பட்டார்: பெனலோப்பியின் வாயிலாகக் கற்பைப் புகழ்ந்தார், பீட்ராவின் வாயிலாக முறைகேட்டைக் கடிந்தார், பில்லிஸின் வாயிலாகப் பேதைமையை எள்ளினார் என எழுதி வைத்தனர். ஓவிட் இதனைப் படித்திருந்தால் நகைத்திருப்பார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் ஹெலோயிஸ் அம்மையார், அர்ஜந்தோய் மடத்தில் துறவாடை ஏற்கச் செல்லும்பொழுது, லூக்கனின் காப்பியத்திற் பொம்பேயின் மனைவி கொர்னேலியா புலம்பும் அடிகளைக் கண்ணீரோடு கூறிக்கொண்டே நடந்தார் என அவர் கணவர் அபெலார் எழுதுகின்றார். கொர்னேலியா புராணத் தலைவியல்லள், வரலாற்று மாது. எனினும், சிறுவர்க்கென வகுத்த புலம்பலை ஒரு பெண் தன் வாழ்வின் கொடிய வேளையில் தன் சொல்லாகவே ஏற்றமை ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

பெண்ணொருவர் டைடோவைப் பற்றி எழுத முற்பட்டதும் கதை எவ்வாறு திரும்பியது என்பதைக் கிறிஸ்தீன் த பிசானின் நூலிற் காணலாம். 1405இல் அவர் பிரெஞ்சு மொழியிலே பெண்களின் நகரம் என்னும் நூலை முடித்தார். டைடோ அதில் இருமுறை வருகின்றாள். முதற் பகுதியில் அவள் நகர் நிறுவிய மதியூகி. எருதுத்தோற் சூழ்ச்சியும் ஆட்சித் திறனுமே அங்குப் பேசப்படுகின்றன. இரண்டாம் பகுதியில் அவள் காதலில் உறுதி வழுவாதவள், வழுவியவன் ஈனியாஸ். வரலாற்று டைடோவையும் காப்பிய டைடோவையும் ஒன்றோடொன்று மோதவிடாது, இருவரையும் அவர் நகருட் குடியேற்றினார். முன்னோடியான பொக்காச்சியோ, புகழ்மிகு மகளிரைப் பற்றிய தம் இலத்தீன் நூலிற் கைம்மை காத்த டைடோவை மட்டுமே போற்றியிருந்தார்.

கிறிஸ்தீனுக்குப் பின் இருபது ஆண்டு செல்லுமுன்னர் இத்தாலியப் பேரறிஞர் லியொனார்தோ புரூனி, பற்றிஸ்தா மலத்தெஸ்தா என்னும் பெருமாட்டிக்குக் கல்வி பற்றி இலத்தீனில் ஒரு நெடுங்கடிதம் வரைந்தார். புலவரையும் வரலாற்றாசிரியரையும் கற்குமாறு ஊக்கிய அவர், சொற்போர்க் கலை மட்டும் பெண்ணுக்குரியதன்று என்று வரைந்துவிட்டார். மன்றத்திற் பேசுதல் அவளுக்கு வேண்டாவாம். டைடோவின் பேச்சைப் படிக்கலாம். டைடோவைப் போலப் பேசுதற்குரிய கலையைப் பயிலலாகாது. இவ்வரம்பு நாலரை நூற்றாண்டு நிலைத்தது. 1678இல் பதுவா நகரில் எலேனா கொர்னாரோ பிஸ்கோப்பியா தத்துவத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றமை அரிதான விலக்கு.

இங்கிலாந்தில் மாற்றம் மெல்ல வந்தது. 1869இல் ஹிச்சின் ஊரில் ஐந்து மாணவியரோடு தொடங்கிய கல்லூரி 1873இற் கேம்பிரிட்ஜுக்கு அருகேயுள்ள கேர்ட்டனுக்கு மாறிற்று. அவ்வாண்டிலேயே அதன் மாணவியரான ரேச்சல் குக், லூயிசா லம்ஸ்டன் இருவரும் கிரேக்க இலத்தீன் சிறப்புத் தேர்வை எழுதினர். தேர்வாளரின் தனிப்பட்ட இசைவினாலன்றிப் பல்கலைக்கழகத்தின் உரிமையாலன்று. ஆண்கள் பலர் ஆறேழு வயதில் இலத்தீன் தொடங்கியவர். பெண்களுட் பலர் பதினெட்டு வயதிலே தொடங்கியவர். இவ்வேற்றுமையைக் கருதாது ஒரே வினாத்தாளை ஏற்றல் வேண்டும் என்பதிற் கேர்ட்டனின் நிறுவுநரான எமிலி டேவிஸ் அம்மையார் விட்டுக்கொடுத்தாரில்லை. எளிய தேர்வு வேறாக வைப்பது இழிவென்பது அவர் கொள்கை. 1887இல் அக்கல்லூரி மாணவி அக்னாட்டா ராம்சே அச்சிறப்புத் தேர்வின் முதல் வகுப்பு முதற் பிரிவில் இடம் பெற்றார். அவ்வாண்டு அப்பிரிவில் வேறொருவரும் இல்லை. பஞ்ச் வார இதழ், பெண்களுக்கு மட்டும் என எழுதிய முதல் வகுப்புப் புகைவண்டிப் பெட்டியில் அவர் ஏறுவது போலச் சித்திரம் வரைந்தது. ஆனாற் பட்டம் மட்டும் அவருக்கு அளிக்கப்படவில்லை. 1897இல் அதற்காகக் கொணரப்பட்ட முன்மொழிவு பெருவாக்கால் தோற்றது. மிதிவண்டியில் அமர்ந்த பெண்ணொருத்தியின் பொம்மையை மாணவர் தெருவிலே தொங்கவிட்டுக் களித்தனர். இலண்டன் 1878இலும் ஒக்ஸ்போர்ட் 1920இலும் பெண்களுக்குப் பட்டம் வழங்க முன்வந்தன. கேம்பிரிட்ஜ் 1948 வரை தாமதித்தது. டைடோவின் பேச்சைத் தேர்விற் பிழையற மொழிபெயர்த்தவர்க்குப் பல்கலைக்கழகத்தின் அவையிற் பேச்சுரிமை கிடைக்க எழுபத்தைந்து ஆண்டு சென்றது.

இலங்கைக்கும் இக்கல்வி புதிதன்று. 1921இற் கொழும்பில் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி மாணவரை இலண்டன் பட்டத் தேர்வுகளுக்கு ஆயத்தஞ்செய்தது. 1942இல் எழுந்த இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் கிரேக்கமும் இலத்தீனும் இடம் பெற்றன. இலத்தீனை இலக்கணப் பயிற்சியென்றே கண்டு வெறுத்தோர் பலர். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் நுழைவுக்கு இலத்தீன் வேண்டுமென்ற விதி 1960ஆம் ஆண்டளவில் நீங்கியதும், கட்டாயத்தால் வந்தோர் மறைந்து விரும்பி வந்தோரே எஞ்சினர். அஃது இழப்பென்பாரும் உளர், பேறென்பாரும் உளர். கற்போர் தொகை குறைந்த அக்காலத்திலேதான் தலைவியரைப் பற்றிய ஆராய்ச்சி பெருகிற்று.

அதற்கு முன்னும் பெரும் உரைகள் இல்லாமலில்லை. ரிச்சர்ட் ஹைன்ஸே 1903இல் வேர்ஜிலின் காப்பிய உத்தியை ஆராய்ந்தார். ஆர்தர் ஸ்டான்லி பீஸ் 1935இல் நான்காம் நூலுக்கு மட்டும் வரைந்த ஆங்கில உரை, ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னோர் கூறிய அனைத்தையும் குவித்து வைத்த களஞ்சியம். ஆர். ஜி. ஒஸ்ரினின் 1955ஆம் ஆண்டு உரை அளவிற் சிறிது, சுவையிற் பெரிது. ஹீரோயிடெஸ் மட்டும் நெடுங்காலம் கீழிருக்கையில் இருந்தது: ஒரே புலம்பல் பதினைந்து முறை என்பது அறிஞரின் அலுப்பு. 1974இல் ஹாவர்ட் ஜேக்கப்சன் தனிநூல் எழுதி அதனை மீட்டார். அடுத்த ஆண்டில் சேரா பொமரோய் பண்டைக் கிரேக்க உரோமப் பெண்களின் வரலாற்றை எழுதியபின் வினாக்களே மாறின. மரிலின் டெஸ்மண்ட் 1994இல் இடைக்காலத்தார் டைடோவைப் படித்த முறைகளை ஆராய்ந்தார். லோரல் புல்கர்சன் 2005இல், தலைவியரை எழுத்தாளராகவே கொண்டு, அவர்கள் ஒருவர் திருமுகத்தை மற்றவர் படித்தவர் போல எழுதுவதை எடுத்துக்காட்டினார். இவ்வாராய்ச்சிகளிற் சில, நூலில் இல்லாததை நூலின்மேல் ஏற்றுவன. ஓவிட் இருபதாம் நூற்றாண்டின் பெண்ணுரிமையாளர் அல்லர். ஆனால், ஒரே புலம்பல் என்று அலுத்தோர் கூர்ந்து படித்திலர் என்பதை அவை ஐயமற நிறுவின. பிரைசீயிஸ் தன் திருமுகத்திற் கண்ணீர் படிந்த எழுத்தையும் தன் அயல்நாட்டுக் கிரேக்கத்தையும் பொறுக்குமாறு வேண்டுகின்றாள். பெனலோப்பி இருபது ஆண்டில் தான் கிழவியாய்விட்டதைச் சொல்லி முடிக்கின்றாள். இவை ஒரே குரல் அல்ல.

ஈனியட்டின் ஆறாம் நூலிற் டைடோ மீண்டும் தோன்றுகின்றாள். கீழுலகில் ஈனியாஸ் அவளைக் கண்டு அழுது, விருப்பமின்றியே பிரிந்தேன் என்று சூளுரைக்கின்றான். அவள் நிலத்தை நோக்கி நின்று, பாறை போல அசையாது, ஒரு சொல்லும் கூறாமல் அகல்கின்றாள். 1944இல் வேர்ஜில் கழகத்தில் உரையாற்றிய கவிஞர் ரி. எஸ். எலியட், நாகரிகம் முதிர்ந்த கவிதைக்கு இதனைச் சான்றாகக் காட்டி, டைடோவின் நடத்தை ஈனியாஸின் மனச்சான்றே வெளியில் உருக்கொண்டது போன்றது என்றார். அழகிய கருத்து. எனினும், அவ்விடத்தும் டைடோ ஈனியாஸின் நிழலாகி விடுகின்றாள். வேர்ஜில் அடுத்துச் சொல்வதோ வேறு. அவள் சென்ற இடத்தை அவர் குறிப்பிடுகின்றார்: நிழல் செறிந்த ஒரு சோலை, அங்கே அவளுடைய முதற் கணவன் சைக்கேயஸ் இருக்கின்றான், அவள் துயருக்குத் துயரும் அன்புக்கு அன்பும் நிகராக அளிக்கின்றான். திமேயஸ் அறிந்த எலிசாவும் இறுதியிற் சேர்ந்தது அக்கணவனிடமே.